பேண்டேஜ் அண்ணாச்சியும் பேழைக் கமிட்டியும்

1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கி, ராஜபாளையம் முழுவதும் பிழியாத வேட்டி மாதிரி நனைந்து கிடந்தது. ஆலயத்துக்குள் பன்னிரண்டு மின்விசிறிகளில் ஏழு ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குளிருக்கு அந்த ஏழும் தண்டம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் மகனுடைய கல்யாணம் நின்றது.

நிறுத்தியது மாப்பிள்ளை அல்ல, பெண் அல்ல, நகை நட்டு அல்ல. நோவா. பைபிளில், ஆதியாகமத்தில், பெருவெள்ளத்துக்குத் தப்பப் பேழை என்ற கப்பலைக் கட்டினாரே, அவரேதான். அவரை இந்தக் கல்யாணத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தவர் பெண்ணைப் பெற்றவர், எனக்குச் சம்பந்தி ஆகவேண்டிய பேண்டேஜ் அண்ணாச்சி. ராஜபாளையத்தையும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலித்தாலும் அவரைப் போல இன்னொருவர் தேறமாட்டார்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஆலயப் பதிவேட்டுக்கும் வங்கிக்கும் மட்டும் தெரியும். சத்திரப்பட்டித் தறிகளில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்து வாங்கி, சுருட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அவர் தொழில். இயேசுவைப் பற்றி நாலு பேரிடம் சொல்வது அதைவிடப் பெரிய தொழில். இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொண்டதே இல்லை. ஒவ்வொரு பேண்டேஜ் சுருளுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மற்ற ஊழியக்காரர்கள் ‘முடிவு சமீபமாயிருக்கிறது’ என்று அச்சடிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவன் கையில் அதைக் கொடுத்தால் அவன் என்ன ஆவான்? அண்ணாச்சியின் சீட்டு வேறு மாதிரி.

‘யோபுவுக்கு உடம்பெல்லாம் புண். சுரண்டக் கையில் கிடைத்தது ஓட்டாஞ்சில்லு. உமக்குப் பேண்டேஜே கிடைத்திருக்கிறது. அவரே ஆண்டவரைத் திட்டவில்லை. நீர் நர்ஸைத் திட்டலாமா?’

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. குடல்வால் ஆபரேஷன் ஆனவர் இதை வாசித்துச் சிரித்ததில் தையல் விட்டுப்போனதாம். அண்ணாச்சி மிகவும் வருத்தப்பட்டார். அடுத்த தடவை அச்சடித்த சீட்டுகளின் தலைப்பில், ‘வயிற்றில் தையல் உள்ளவர்கள் பிறகு வாசிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தார்.

பஸ் ஸ்டாண்டு அருகில் டீக்கடை வைத்திருந்த பாய் அவருக்கு உயிர் நண்பர். மாலையில் அந்தக் கடை முன்னால் நின்றுதான் அண்ணாச்சி பிரசங்கம் செய்வார். 

“ஓய் அண்ணாச்சி, உம்ம துணியும் நீளம், பிரசங்கமும் நீளம்” என்பார் பாய்.

“துணியக் கிழிச்சுக்கிடலாம் பாய். பிரசங்கத்த எங்கனகூடிக் கிழிக்க?”

“நீரு கிழிக்காண்டாம். பஸ் வந்தா சனமே கிழிச்சுட்டுப் போயிரும்.”

பஸ்ஸுக்குப் போகாத சனம் வேண்டும் என்று அவர் அப்போதே ஜெபித்திருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று துணி கேட்டு, கடிதப் போக்குவரத்தெல்லாம் இன்டர்நெட்டில்தான் என்று சொல்லிவிட்டது. குடோனில் ஒரு மூலையைக் காலி செய்து பெட்டியை வைத்தார். துணிக் குடோனில் பஞ்சு பறக்கும். பஞ்சு உள்ளே போகக் கூடாது என்று தலை முதல் கால் வரை பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். திரைக்கு மட்டும் ஒரு சதுரம் திறந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும், “எங்கன அடி பட்டுச்சு?” என்றுதான் கேட்டார்கள்.

இன்டர்நெட்டுக்கு அப்போது மதுரைக்குப் போன் போட வேண்டும். லைன் இருக்கிற வரைக்கும் வெளியூர்க் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் யோசிக்கிற ஆள் அல்ல அண்ணாச்சி. உலகத்தில் பல நாட்டுத் தமிழர்கள் உட்கார்ந்து எழுத்தில் பேசிக்கொள்ளும் அரட்டை அறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குள் போகும்முன் செருப்பைக் கழற்றுவார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார். உள்ளே போனதும், “தோத்திரம். எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு, முப்பது பேரும் பதில் சொல்லும்வரை அடுத்த வார்த்தை எழுதமாட்டார். புறப்படும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக “போயிட்டு வாரேன்” சொல்ல வேண்டும். அதற்குள் புதிதாக நாலு பேர் வந்திருப்பார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் எப்படிப் புறப்படுவது?

ஒருவன் அங்கே வந்து அவரையும் அவர் ஆண்டவரையும் சேர்த்துத் தாறுமாறாகத் திட்டியிருக்கிறான். அண்ணாச்சி எழுதினார்: “தம்பி, வெறும் வயித்தோட திட்டாதீங்க, மயக்கம் வரும். சாப்பிட்டுட்டு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்.” அவன் நிஜமாகவே சாப்பிட்டுவிட்டு வந்து திட்டினான். மறுநாளும் திட்டினான். மூன்றாம் நாள், அவன் தங்கை மருந்துக்கடை வைத்திருப்பதாகவும், பேண்டேஜ் என்ன விலைக்குக் கிடைக்கும் என்றும் கேட்டான்.

இந்த மனிதரின் மகளைத்தான் என் மகனுக்குப் பார்க்கப் போனோம். பெயர் கிரேஸ். தாயில்லாத பிள்ளை. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, அப்பாவின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக் குடோனுக்குள் கூட்டிப்போனார்.

“பொண்ணு செத்த நேரத்துல வந்துரும். அதுக்குள்ள கனடாக்காரர் ஒருத்தருக்குத் தோத்திரம் சொல்லிருவோமா?”

“இதுக்கு எம்புட்டு ஆகும்?” என்றேன்.

“மதுரைக்குப் பேசுன காசுதான்.”

“எம்புட்டு நேரம் பேசணும்?”

“அவரு சாப்பிட்டாரான்னு கேட்டுட்டு வச்சிரலாம்.”

கனடாக்காரர் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று விசாரித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது என் மகனும் அந்தப் பெண்ணும் பேசி முடித்து, இரு வீட்டாரும் பூ வைப்பது வரை போயிருந்தார்கள்.

இனி நோவாவுக்கு வருகிறேன். அண்ணாச்சியின் சபையில் ஆலயத்தை விரிவாக்கிக் கட்ட ஒரு கமிட்டி இருந்தது. ஒன்பது வருஷமாகக் கூடியது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அண்ணாச்சியும் அதில் உறுப்பினர். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்திலிருந்து நேரே குடோனுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். கிரேஸ் அதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தது. தலைப்பு: ‘பேழைக் கமிட்டி.’ வாரம் ஒரு பாகம். அந்நாளில் ஒருவர் கம்ப்யூட்டரில் தெரிகிற தமிழ் எழுத்து இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்.

முதல் பாகத்தில் கர்த்தர் ஒரு பேழையைக் கட்டச் சொல்கிறார். நோவா, “ஆகட்டும் ஆண்டவரே, கமிட்டியில் வைக்கிறேன்” என்கிறார். இரண்டாம் பாகத்தில், பேழை செய்யக் கர்த்தர் சொன்ன கொப்பேர் மரத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்கிறார்கள். மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் மரம் இல்லை. அவருக்கே ஒப்பந்தம் கொடுக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் பேழை இல்லை, ஆனால் பேழைக்குக் கல்வெட்டு தயார். நாலாம் பாகத்தில் மரப் பேழைக்குள் கரையான் ஜோடிக்கு இடம் உண்டா என்று விவாதம். கரையான் கமிட்டிக்கு வேண்டியவர் என்பதால் முன்வரிசையில் இடம். ஆறாம் பாகம் இப்படி முடியும்: ‘தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது, மழை பெய்கிறது என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. வழிமொழிய ஆளில்லை. இடுப்புக்கு வந்தபோது கோரத்துக்குப் போதிய ஆள் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.’

ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் சிரிப்பில்லாத ஒரு வரி இருக்கும். ‘நம்ம கமிட்டிய நம்பியிருந்தா நாம எல்லாரும் மீனுக்குத் தீனி. அவர் பொறுமையா இருந்ததாலதான் பிழைச்சுக் கிடக்கோம்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினார் என்று கிரேஸ் சொல்லும்.

எழுதியது ராஜபாளையத்தில். ராஜபாளையத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை. வளைகுடாவில் இருந்த ஒரு பையன் வாசித்து, காகிதத்தில் அச்செடுத்து, ‘மாமா, அப்படியே உங்க சபை மாதிரி இருக்கு’ என்று எழுதித் தபாலில் அனுப்பினான். அந்த மாமாதான் கமிட்டிச் செயலாளர். ஊரில் அவருக்குத் ‘தீர்மானம்’ என்று பெயர். எழுந்து நின்றால், “நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்” என்றுதான் வாயைத் திறப்பார். வீட்டில் குழம்பில் உப்பில்லை என்பதையும் அப்படித்தான் சொல்லுவார் என்று கேள்வி.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் உண்டானால் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு இரண்டாம் ஓலை. நான் எங்கள் ஊர் ஆராதனையை விட்டுவிட்டு அதைக் கேட்கவே ராஜபாளையம் போயிருந்தேன். போதகர் வாசித்து முடித்ததும் தீர்மானம் எழுந்தார்.

“தடை இருக்கு.”

வளைகுடாவிலிருந்து வந்த அச்சுத் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

“மணமகளோட தகப்பனார் இந்தச் சபையையும் கமிட்டியையும் இன்டர்நெட்ல கேலி பண்ணிருக்காவ. உலகம் பூரா சிரிக்கு. சபையை மதிக்காதவியளுக்குச் சபைல என்ன கல்யாணம்? இது என் தீர்மானம்.”

போதகர் ஊருக்குப் புதிது. இரண்டு வருஷத்தில் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை. தடை என்று ஒருவர் சொன்ன பிறகு விசாரிக்காமல் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லி, ஜெபம் செய்து, ஆராதனையை முடித்துவிட்டார். இருபத்துநாலாம் தேதி கல்யாணம்.

வெளியே வந்ததும் நான் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். “என்ன சம்பந்தி இப்பிடிப் பண்ணிட்டீங்க? பத்திரிகை அறுநூறு அடிச்சாச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு.”

“தடை சொன்னவிய கல்யாணத்துக்கு வருவாவளா சம்பந்தி?”

“அத எதுக்குக் கேக்கீய?”

“வந்தா ஒரு இலை கூடப் போடணும்லா.”

மகள் பக்கம் திரும்பினார். “ஏட்டி, வருத்தப்படுதியா?”

“எனக்கென்ன வருத்தம். ஏழாம் பாகம் பாதில நிக்குதேன்னுதான்” என்றது அது. ஆனால் கண் வேறு சொல்லிற்று.

அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதும் நனைந்திருந்தார். துண்டு கொடுத்தேன். துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“தாயில்லாப் பிள்ள சம்பந்தி. அவ அம்மா போனப்போ ஜோக்கு சொல்லிச் சொல்லித்தான் அவளத் தேத்துனேன். இந்தக் கல்யாணம் நின்னா எந்த ஜோக்க வச்சுத் தேத்துவேன்? அந்தப் பக்கத்த அழிச்சிருதேன். கமிட்டிய வரச் சொல்லி, அவிய கண்ணு முன்னாலயே அழிச்சிருதேன்.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஒருத்தன் இருக்கான். கூமாப்பட்டிப் பையன். அவனும் வளைகுடாலதான், வெல்டிங் வேலை. கோயிலும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம்னு சொல்லுதவன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. வெள்ளிக்கிழமையானா, நோவா என்னானாருன்னு கேட்டு வந்துருதான். அவன்ட்ட என்ன சொல்லதுன்னுதான் தெரியல.”

“நோவா முங்கிட்டாருன்னு சொல்லுங்க” என்றேன். எனக்கு மண்டப அட்வான்ஸ் கவலை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போதகரும் கமிட்டியில் ஐந்து பேரும் குடோனுக்கு வந்தார்கள். நானும் முன்னாலேயே போயிருந்தேன். நாற்காலி இரண்டுதான். மற்றவர்கள் பேண்டேஜ் பொதிகள் மேல் உட்கார்ந்தார்கள். கிரேஸ் மதுரைக்கு லைன் போட்டது. பெட்டி கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, ஊளையிட்டது. அந்தக் கட்டுகளையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு கமிட்டிக்காரர், “அதுக்கு வலிக்கோ?” என்றார். சத்தம் ஓய்ந்து, திரையில் பேழைக் கமிட்டி வந்து நின்றது.

அண்ணாச்சி கை கட்டி நின்றார். “இதுதான் ஐயா. உங்க முன்னாலயே...”

அவர் முடிக்கும்முன் தீர்மானம் எழுந்து, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மேற்படிப் பக்கத்தை அழிப்பது என்று வாசித்து, நேரே போய்த் திரையின் கீழே இருந்த பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது.

“அழிஞ்சிருச்சு” என்றார்.

“ஆமென்” என்றார்கள் கமிட்டிக்காரர்கள். ஒருவர் எட்டி, திரையின் பின்பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். போதகர் கண்ணை மூடிச் சமாதானத்துக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார். தடை நீங்கிற்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை என்றார். நான் கிரேஸைப் பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டது. அணைந்தது விளக்குதான், வீடு அப்படியே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கனடாக்காரருக்காக முக்கால் மணி நேரம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்த புண்ணியத்தில் எனக்கும் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்துவிடும். எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஐயா, செத்த நில்லுங்க” என்றார் அண்ணாச்சி.

நான் அவர் காலை மிதித்தேன்.

“சம்பந்தி, காலு” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு போதகரைப் பார்த்து, “இது அழியல ஐயா. சினிமாக் கொட்டகைல நம்ம கண்ண மூடுனாப்ல. படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஒங்கள ஏமாத்திப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்க எனக்கு மனசு வரல” என்றார்.

தீர்மானத்தின் வாய் திறந்து, தீர்மானம் எதுவும் வராமல் மூடிற்று. போதகர் பொத்தானை அழுத்தச் சொன்னார். திரை வெளிச்சமானது. லைன் அறுபடாமல் இருந்ததால், அதற்குள் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் முளைத்து, அதில் எழுத்து வந்திருந்தது. போதகர் குனிந்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

“அண்ணாச்சி இருக்கீங்களா. ஏழாம் பாகம் எங்க.”

“யாரு இது?”

அண்ணாச்சி கூமாப்பட்டிப் பையனைப் பற்றிச் சொன்னார். போதகர், “அழிக்கப் போறோம்னு அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லறதுதான் முறை” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். ‘வணக்கம். நான் போதகர்.’

பதில் உடனே வந்தது. ‘நீங்க எந்தக் கமிட்டி?’

பொதி மேலிருந்து ஒருவர் களுக்கென்றார். போதகர் சிரிக்கவில்லை. ‘இதில் உமக்கு என்ன பிடித்திருக்கிறது?’ என்று அடித்தார்.

‘இங்க ஒரு ரூம்ல பத்துப் பேர் இருக்கோம் ஐயா. நான் அச்செடுத்துக்கிட்டுப் போயி வாசிச்சுக் காட்டுவேன். சிரிப்போம். ஒண்ணு கேக்கணும். பேழைக்குள்ள இருந்தவங்க பயந்திருப்பாங்களா? கதவ மூடுனா வெளிய என்ன நடக்குன்னு தெரியாதுல்லா. எங்க ரூமுக்கும் சன்னல் கெடையாது.’

மீட்டர் ஓடுகிறதே என்ற நினைப்பு எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. போதகர் இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அழித்தார். கடைசியில் அடித்தது இது: ‘பயந்திருப்பார்கள். எனக்கும் பயம் வரும். ஆனால் கதவை மூடியது நோவா அல்ல, கர்த்தர் என்று எழுதியிருக்கிறது. மூடினவருக்குத் திறக்கத் தெரியும்.’

பதில் வந்தது.

‘சரி ஐயா. இத ரூம்ல சொல்லுதேன். ஏழாம் பாகம் நீங்க எழுதப் போறீங்களா?’

அப்போதுதான் போதகர் சிரித்தார். வரிசையான நல்ல பல். சிரித்துக்கொண்டே முதல் பாகத்துக்குப் போய் வாசிக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் அதை வாசித்ததே இல்லை. புகார் மட்டும்தான் கேட்டிருந்தார். கல்வெட்டு வந்த இடத்தில் கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கோரம் இல்லாத இடத்தில் ஒருவர் பொதியிலிருந்து சரிந்தார். ஆறு பாகமும் முடிந்து, நடுநடுவே கூமாப்பட்டிப் பையனுக்குப் பதில் சொல்லி அவர் எழுந்தபோது மணி எட்டு.

“அப்போ தீர்மானம்?” என்றார் தீர்மானம்.

“ஒத்திவைப்போம்” என்றார் போதகர்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தீர்மானம் அண்ணாச்சியின் காதருகே போனார். “நேரா சொல்லும் ஓய். அந்தக் கரையான் நான்தான?”

“சே, சே. கரையான் நான்லா. உள்ளருந்தே அரிச்சவன் நான்தான. நீங்க யானை.”

“யானையா?” என்று அவர் நிமிர்ந்தார். “யானைன்னா சரி.”

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை கேட்டபோது எல்லாரும் தீர்மானத்தைப் பார்த்தார்கள். அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநாலாம் தேதி கல்யாணம் நடந்தது. ஏழாம் பாகத்தில் போதகர் சொன்ன கதவு இடம்பெற்றது. ஆலயத்துக்கு அடுத்த வருஷம் அஸ்திவாரமும் போட்டார்கள். அதற்கு நோவாதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கமிட்டியும் சொல்லாது.

ஆகஸ்டில் அண்ணாச்சி குடோனுக்கு இரண்டு மாதத்து டெலிபோன் பில் வந்தது. நான் போனபோது அதை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தார். கல்யாணச் செலவில் கை வறண்டிருந்தது. வெளிநாட்டுப் பணம் இன்னும் வரவில்லை. “லைனை வெட்டிருவாவ போல சம்பந்தி. வெட்டட்டும். பொறவு கட்டிக்கிடலாம்” என்று சிரித்தார்.

நான் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். “வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வருவாம்லா” என்றேன்.

அண்ணாச்சி இப்போது இல்லை. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. கருவூலத்தில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். கூட்டிப் பார்க்காமல் ஒரு பில்லுக்கும் பணம் கொடுத்ததில்லை, காய்கறிக் கடையில்கூட. அதை மட்டும் கூட்டிப் பார்க்காமல் போய்க் கட்டினேன். நாலாயிரத்து முன்னூற்றுப் பதினேழு ரூபாய்.